நாள் கணித்த நல்லறிஞர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை

ஆண்டுதோறும் ஆடித் திங்களில் பூர நட்சத்திரம் கூடும் நாளில் திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் தேர் ஓடுகிறது. இராசபாளையத்திலிருந்தும் சுற்றுவட்டச் சிற்றூர்களிலிருந்தும் மக்கள் திரண்டு செல்லும் அவ்விழா ஆங்கிலத் தேதிப்படி ஒரே நாளில் வருவதில்லை. ஓராண்டு சூலை இறுதியில் வரும். மற்றோராண்டு ஆகஸ்டு நடுப்பகுதியை எட்டிவிடும். சூரியனின் ஓட்டத்தால் திங்களையும் சந்திரனின் ஓட்டத்தால் திதியையும் நட்சத்திரத்தையும் அளப்பது நம் மரபாதலின் இவ்வேறுபாடு நேர்கிறது. வருகிற ஆடிப்பூரம் என்றைக்கு என்பதைப் பஞ்சாங்கம் பார்த்து எவரும் சொல்லிவிடலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வெட்டில் பொறிக்கப்பட்ட திதியும் நட்சத்திரமும் கிழமையும் எந்த ஆண்டின் எந்த நாளைக் குறிக்கின்றன என்று காண்பதோ அத்தனை எளிதன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன்பு வரை அதனைச் செய்ய வல்லவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் சொன்ன முடிபை ஏனையோர் நம்பி ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது; சரிபார்க்க வழியில்லை.

அந்த நிலையை மாற்றியவர் திவான் பகதூர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. வரலாற்றாசிரியரும் கல்வெட்டறிஞரும் இலக்கிய ஆய்வாளரும் இன்றளவும் அவர் பெயரை மதிப்புடன் சொல்கின்றனர். அவர் கண்ட இலக்கிய முடிபுகள் சில பின்னாளில் ஏற்கப்படாமற் போயின. ஆயினும் அவர் புகழ் குறையவில்லை. ஏன் குறையவில்லை என்பதை எண்ணிப் பார்ப்பது ஆராய்ச்சியில் ஈடுபடும் எவருக்கும் பயன் தரும்.

வாழ்வும் பணியும்

உலூயி தொமினிக் சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1865ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் உரோமன் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இலத்தீன் முதலிய ஐரோப்பிய மொழிகளிலும் புலமை பெற்ற பன்மொழி அறிஞராக வளர்ந்தார். சென்னை மாகாண அரசுப் பணியில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார். கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர், மாவட்ட ஆட்சியர், சட்டசபைச் செயலர் ஆகிய பொறுப்புகளை வகித்தார். பின்னர்ச் சென்னைச் சட்டசபையின் தலைவராகவும் விளங்கினார். திவான் பகதூர் முதலிய பட்டங்களும் அவரை வந்தடைந்தன.

இத்தகைய பதவிகளை வகித்தவர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு அரசியல் செய்திகளோடு முடிந்துவிடுவதே இயல்பு. சுவாமிக்கண்ணுப் பிள்ளையை நாம் நினைப்பதற்குக் காரணம் வேறு. அலுவற் சுமைக்கிடையில் அவர் இந்தியக் காலக் கணிதத்தைத் தம் தனி ஆராய்ச்சித் துறையாக மேற்கொண்டார். கிறித்தவராகப் பிறந்து வளர்ந்த அவர் சூரிய சித்தாந்தம் முதலிய பழைய வானநூல் மரபுகளையும், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் பஞ்சாங்க உறுப்புகளையும், வட்டாரந்தோறும் வேறுபடும் மாதப் பிறப்பு வழக்கங்களையும் முறையாகக் கற்றார். சமய வேறுபாடு அவருக்குத் தடையாகவும் இல்லை, சலுகையாகவும் இல்லை. கணக்கு யார் போட்டாலும் ஒரே விடை தரவேண்டும் என்பதே அவர் கொண்ட அளவுகோல்.

முன்னோர் விட்ட இடம்

இத்துறையில் அவருக்கு முன்னும் பெரியோர் உழைத்திருந்தனர். ராபர்ட் சிவெல்லும் சங்கர பாலகிருஷ்ண தீட்சிதரும் சேர்ந்து 1896இல் இந்தியக் காலக் கணிதம் பற்றிய நூலொன்றை வெளியிட்டனர். செருமானிய அறிஞர் கீல்ஹார்ன் சோழ, பாண்டியக் கல்வெட்டுகளின் நாள்களைக் கணித்து எபிகிராபியா இண்டிகா இதழில் வெளியிட்டு வந்தார். எந்தக் குறிப்புப் பொருந்துகிறது, எந்தக் குறிப்பில் பிழை காணப்படுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்வது கீல்ஹார்ன் முறை. பொருந்தாததை மறைக்காமல் எழுதும் அந்நெறி பின்வந்தோர்க்கு நல்வழி காட்டியது.

எனினும் கணிப்பு நீண்டது. பிழை நேர எளிதானது. கல்வெட்டைப் படிக்க வல்லவர்க்குக் கணிதம் வராது. கணிதம் வல்லவர்க்குக் கல்வெட்டு வராது. இவ்விடைவெளியை நிரப்பச் சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1911இல் இந்தியக் காலக் கணிதம் குறித்துத் தம் முதற் பெருநூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கி.மு. 1 முதல் கி.பி. 2000 வரை எந்த ஆண்டாயினும் திதி, நட்சத்திரம், சாதகக் குறிப்பு ஆகியவற்றுக்கு விளக்கம் காணவும் அவற்றைச் சரிபார்க்கவும் உதவும் கையேடு அது. சரிபார்த்தல் என்னும் சொல்லை நூலின் தலைப்பிலேயே அவர் அமைத்திருந்தார் என்பது கருதத்தக்கது.

அதனோடு அவர் நிறைவடையவில்லை. வாய்பாட்டைக் கொண்டு கணக்கிடும் உழைப்பும் வேண்டாம், ஏட்டைப் புரட்டினால் நாள் தெரியவேண்டும் என்று கருதினார். 1922இல் சென்னை அரசு அச்சகத்தின் வாயிலாக அவருடைய பெரும்பணி வெளிவந்தது. கி.பி. 700 முதல் 1799 வரை 1100 ஆண்டுகளின் ஒவ்வொரு நாளுக்கும் உரிய கிழமை, திதி, நட்சத்திரம், சூரிய மாதத் தேதி ஆகியவற்றை ஏழு தொகுதிகளில் அது நிரல்படத் தருகிறது. சகம், விக்கிரமம், கலி, கொல்லம், இசுலாமிய இச்ரி முதலிய ஆண்டுக் கணக்குகளும் உடன் காட்டப்பட்டுள்ளன. கோள்களின் நிலையை அறிவதற்கான நிலையான அட்டவணையும் சேர்க்கப்பட்டுள்ளது. நாள்களை மட்டும் எண்ணினாலே நான்கு இலட்சத்தைத் தாண்டும். கணிப்பொறி இல்லாத காலத்தில் செய்த வேலை இது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

நிறுத்துப் பார்க்கும் தராசு

இந்நூலின் பெருமையை அதன் பருமனைக் கொண்டு அளவிடுவது போதாது. இராசபாளையத்து நூற்பாலைகளை அறிந்த நம் வாசகர்களுக்கு ஓர் உவமை சொன்னால் விளங்கும். 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் ஒரு ராத்தல் எடைக்கு எத்தனை நிற்கின்றனவோ அதுவே அந்த நூலின் நம்பர். கட்டின்மேல் ஒட்டிய சீட்டில் நாற்பது என்று இருக்கலாம். வாங்குகிறவர் ஐயப்பட்டால் நீளத்தை அளந்து நிறுத்துப் பார்த்துவிடலாம். விற்பவரின் நாணயம் எவ்வளவு உயர்ந்ததாயினும் தராசு இருப்பது இருவருக்கும் நல்லது. நேர்மையாளரை அது காக்கிறது, நேர்மையற்றவரைக் காட்டிக்கொடுக்கிறது.

தமிழ் வரலாற்று ஆராய்ச்சிக்கு அத்தகைய தராசைச் சுவாமிக்கண்ணுப் பிள்ளை செய்து பொதுவிடத்தில் வைத்தார். அதன்பின், இன்ன கல்வெட்டு இன்ன நாளைக் குறிக்கிறது என்று ஒருவர் எழுதினால், ஊர் நூலகத்தில் அமர்ந்திருக்கும் ஓர் ஆசிரியர்கூட அந்தப் பக்கத்தை எடுத்து அது சரியா என்று பார்க்கலாம். தம் முடிபுகளையும் பிறர் அவ்வாறே சோதிக்கலாம் என்பதை அறிந்தே அவர் அதனைச் செய்தார். முடிபை மட்டும் அறிவித்துவிட்டு வழியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் பழக்கம் அறிஞரிடையே அன்றும் இருந்தது. இன்றும் இல்லாமற் போகவில்லை. வழியை வெளியிடுகிறவன் தன் தவற்றைப் பிறர் காண்பதற்கும் இடந்தருகிறான். அதற்குத் துணிவு வேண்டும்.

பொருத்தமும் தற்செயலும்

நாள் கணிப்பில் மயக்கம் எங்கே நேர்கிறது என்பதைச் சற்று விளக்குவது நலம். பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுகள் பலவற்றில் சக ஆண்டு இராது. சடையவர்மன் குலசேகரன், மாறவர்மன் சுந்தரன் என்று அரசன் பெயரும் ஆட்சியாண்டும் இருக்கும். மாதம், பக்கம், திதி, கிழமை, நட்சத்திரம் இருக்கும். ஒரே பெயர் பூண்ட அரசர் பலர் வெவ்வேறு காலங்களில் இருந்தனர். ஆகவே நாட்குறிப்பைக் கொண்டுதான் இவன் எந்தச் சுந்தரன் எனப் பிரித்தறிய வேண்டும்.

மாதமும் திதியும் இன்னவை என்று குறித்துவிட்டால் நட்சத்திரம் மூன்று நான்குக்குள் அடங்கிவிடும். ஆதலால் நட்சத்திரம் பொருந்தியது என்பது தோன்றுமளவு வலிய சான்றன்று. கிழமையோ ஏழுதான். தவறான ஆண்டொன்றை எடுத்துக்கொண்டாலும் கிழமை தற்செயலாகப் பொருந்துவதற்கு ஏழில் ஒரு வாய்ப்பு உண்டு. அதன்மேல் வேறோர் இடரும் இருக்கிறது. கல்லில் எழுதியவன் வளர்பிறையைத் தேய்பிறை என்று தவறாகப் பொறித்திருக்கலாம். அப்படிப்பட்ட பிழைகள் உண்மையிலேயே உண்டு. ஆனால் தான் விரும்பும் ஆண்டுக்குப் பொருந்தாதபோதெல்லாம் கல்வெட்டின் பிழை என்று திருத்திக்கொள்ள ஒருவன் தொடங்கினால், எந்த ஆண்டையும் பொருந்த வைத்துவிடலாம். அப்போது சான்று முடிபைத் தாங்கவில்லை. முடிபு சான்றை வளைக்கிறது.

ஒரு நாள் பொருந்துகிறது என்பது வேறு. அந்த ஒரு நாளே பொருந்துகிறது என்பது வேறு. எத்தனை ஆண்டுகளைத் தேடினோம், எவையெவை பொருந்தின, அவற்றுள் ஒன்றை ஏன் தேர்ந்தோம், எதைத் திருத்திக்கொண்டோம் என்ற நான்கையும் சொன்னால்தான் கணிப்பு முழுமை பெறும். நாள்தோறும் நிரல் அமைத்துத் தந்த அட்டவணையால் இந்த நான்கையும் எவரும் கேட்கவும் விடை காணவும் இயன்றது.

இலக்கியக் காலம் கண்டது

கல்வெட்டோடு நில்லாமல் சுவாமிக்கண்ணுப் பிள்ளை தமிழிலக்கியக் காலத்தையும் ஆராய முற்பட்டார். பரிபாடலின் பதினோராம் பாடலில் வையைப் புதுப்புனல் வருணனைக்கு முன்னர்க் கோள்நிலை ஒன்று விரிவாகச் சொல்லப்படுகிறது. அதனைக் கணித்து அவர் கி.பி. 634ஆம் ஆண்டு சூன் 17ஆம் நாள் என்றார். சிலப்பதிகாரத்தில் மதுரை எரியுண்ட நாள் ஆடித் திங்கள் தேய்பிறை அட்டமி, கார்த்திகை, வெள்ளிக்கிழமை என்று குறிக்கப்பெற்றுள்ளது. அதனைக் கி.பி. 756ஆம் ஆண்டு சூலை 23ஆம் நாளாகக் கொண்டார்.

தமிழுலகம் இவற்றை எளிதில் ஏற்கவில்லை. கயவாகு மன்னனைச் சான்றாகக் கொண்டு சிலம்பைக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வைத்தோர் வெகுண்டனர். அவர்களுள் தமிழின் தொன்மை குறைந்துபோகிறதே என்ற கவலையால் மறுத்தோர் சிலர். ஆனால் வேறு சிலர் மறுத்த முறை அறிவு வழிப்பட்டது. மாதம், திதி, நட்சத்திரம், கிழமை ஆகிய நான்கும் ஒருங்கு கூடும் ஆண்டுகள் நூற்றாண்டுதோறும் உண்டு என்றும், ஆகவே 756 என்பது பொருந்தும் ஆண்டுகளுள் ஒன்றேயன்றிப் பொருந்தும் ஒரே ஆண்டு ஆகாது என்றும் அவர்கள் காட்டினர். காப்பியப் புலவன் நாட்குறிப்பை நிகழ்ச்சிப் பதிவாக எழுதினானா, கதையின் ஒழுங்கிற்காக அமைத்தானா என்றும் வினவினர். 756 என்னும் முடிபு இன்று பெரும்பாலோரால் ஏற்கப்படுவதில்லை.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். அவர் முடிபை மறுக்க விரும்பியவர்க்கு வேண்டிய கருவியையும் அவரே தந்திருந்தார். 1911ஆம் ஆண்டு நூல் கி.மு. 1 முதல் தொடங்குவதால் இரண்டாம் நூற்றாண்டிலும் ஐந்தாம் நூற்றாண்டிலும் பொருந்தும் நாள் உண்டா என்பதை அதைக் கொண்டே தேடலாம். தம் வழியை மறைத்த ஓர் அறிஞர் தவறினால் அத்தவறு நெடுநாள் நிலைத்துவிடும். வழியைத் திறந்து வைத்தவர் தவறினால் அது விரைவில் தெரியும். அவர் உழைப்பின் எஞ்சிய பகுதி கேடின்றி நிற்கும்.

ஆண்டாள் காலமும் நம் வட்டாரமும்

இவ்வாராய்ச்சி நெறி திருவில்லிபுத்தூருக்கும் அண்மையானது. வைணவக் குருபரம்பரை ஆண்டாளின் தோற்றத்தைக் கலியுகத் தொடக்கத்தை ஒட்டி வைக்கிறது. ஆராய்ச்சியாளரோ எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளை நாடுகின்றனர். அவர்களுக்குத் துணை நிற்பது திருப்பாவையில் வரும் ஒரு விடியற் குறிப்பு. வெள்ளிக் கோள் தோன்றவும் வியாழக் கோள் மறையவும் பொழுது புலர்கிறது என்ற பொருள்படும் அக்குறிப்பைக் கொண்டு மு. இராகவையங்கார் ஆழ்வார்கள் காலநிலை என்னும் தம் நூலில் கி.பி. 731ஆம் ஆண்டைத் தேர்ந்தார். ஒன்பதாம் நூற்றாண்டைச் சொன்னோரும் உண்டு. அதனை வானியற் செய்தியாகவே கொள்ள வேண்டா, விடியலைச் சொல்லும் வழக்கு மொழி என்றோரும் உண்டு.

வெள்ளி உதிக்கும்போது வியாழன் மறைய வேண்டுமானால் இரண்டும் வானில் ஏறத்தாழ நேரெதிர்த் திசைகளில் இருக்கவேண்டும். வெள்ளி எட்டாண்டுக்கு ஒருமுறை அதே பருவத்தில் அதே நிலைக்கு வருகிறது; வியாழன் ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டில் வானத்தைச் சுற்றுகிறது. எனவே 24 ஆண்டுகள் கழிந்தால் இரண்டும் முன்னைய நிலைக்கு அண்மையில் வந்து சேர்கின்றன. உதயமும் மறைவும் ஒரே கணத்தில் நிகழ வேண்டும் என்று கண்டிப்பாகக் கொண்டால் கிடைக்கும் ஆண்டுகள் சில. சற்று முன்பின்னாக இருக்கலாம் என்று நெகிழ்த்தினால் அவை பலவாகும். மார்கழியில் முழுநிலவு நாள் என்னும் குறிப்பையும் சேர்த்தால் மீண்டும் குறையும். ஆகவே எவ்வளவு கண்டிப்பு, எவ்வளவு நெகிழ்ச்சி என்பதைக் கணிப்பதற்கு முன்பே அறுதியிட்டுச் சொல்லவேண்டும். விடை வந்தபின் அதற்கேற்ப அளவை மாற்றுவது ஆராய்ச்சி ஆகாது.

பெரியாழ்வார் பாசுரத்தில் வரும் பாண்டியன் நெடுமாறன் யார் என்ற கேள்வி, மொழிநடை, கல்வெட்டுச் செய்தி ஆகியவற்றையும் கோள்நிலைக் கணக்கோடு வைத்துப் பார்த்தே ஆண்டாள் காலத்தைத் துணிய இயலும். எந்த நூற்றாண்டு என்று முடிவானாலும் தேர் நிற்கப்போவதில்லை. மார்கழி வைகறையில் பாவை பாடுவோரும் குறையப்போவதில்லை. பக்திக்கு ஆண்டுக் கணக்கு தேவையில்லை. வரலாறு என்று ஒன்றை எழுதத் துணிந்தால் மட்டும் அதற்குரிய ஒழுக்கத்தைக் கைக்கொண்டே ஆகவேண்டும்.

மறைவும் நிலைபேறும்

1925ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், சட்டசபைத் தலைவராக இருந்தபோதே, சுவாமிக்கண்ணுப் பிள்ளை காலமானார். அவருக்கு அப்போது அறுபது வயது. பெருநூல் வெளிவந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்தன.

அவர் தராசு பின்னரும் ஓயவில்லை. கும்பகோணத்து ந. சேதுராமன் 1970களிலும் 1980களிலும் அவருடைய அட்டவணைகளைத் துணைக்கொண்டு சோழ, பாண்டியர் காலவரிசையை மீண்டும் ஆராய்ந்தார். ஓர் அரசன் என எண்ணப்பட்டவர் இருவராகப் பிரிந்ததும், சிலரது ஆட்சித் தொடக்கம் திருத்தம் பெற்றதும் அத்தகைய மறு ஆய்வுகளின் பயன். முன்னோர் முடிபைப் பின்னோர் திருத்துவது முன்னோர்க்கு இழுக்கன்று. திருத்துவதற்கு ஏற்றவாறு எழுதி வைத்துச் செல்வதே அறிஞர்க்கு அழகு.

இன்று கணிப்பொறி நொடிப்பொழுதில் கோள்நிலையைக் காட்டிவிடுகிறது. வேகம் கூடியதால் மயக்கம் குறைந்துவிடவில்லை. ஆயிரம் ஆண்டுகளைத் தேடிப் பொருந்திய ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டி, பொருந்தாத ஏனையவற்றைச் சொல்லாமல் விடுவது முன்னிலும் எளிதாகிவிட்டது. இராமாயண பாரத நிகழ்ச்சிகளுக்குத் தேதி சொல்லும் நூல்கள் பெருகிவரும் இந்நாளில் சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் நெறி மிகவும் வேண்டப்படுகிறது. மருத்துவம், பொருளியல், உளவியல் முதலிய துறைகளிலும் ஆய்வாளர் தம் முறையை முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும், திரட்டிய தரவுகளைப் பிறர் சோதிக்க வெளியிடவேண்டும் என்னும் குரல் இப்போது உலகெங்கும் எழுந்துள்ளது. தரவும் வழியும் பொதுவில் இருக்கவேண்டும் என்னும் அக்கொள்கையின் ஒரு பாதியை நம் நாட்டு அரசு அலுவலர் ஒருவர் நூறாண்டுக்கு முன்பே செயலிற் காட்டியிருந்தார்.

நம் பகுதியிலும் ஊர் வரலாறும் கோயில் வரலாறும் எழுத முன்வருவோர் பெருகியிருக்கின்றனர், மகிழ்ச்சிக்குரிய செய்தி. அவர்கள் இக்கோயில் இத்தனை நூற்றாண்டுப் பழமையுடையது என்று எழுதுமுன், எந்தக் கல்வெட்டு, அது எந்தச் சுவரில் உள்ளது, அதில் நாட்குறிப்பு என்ன, அதனை யார் எவ்வாறு கணித்தனர், எது பொருந்தவில்லை என்பவற்றையும் ஓரிரு வரிகளில் குறிப்பார்களாயின் அதுவே சுவாமிக்கண்ணுப் பிள்ளைக்கு நாம் செய்யும் நன்றிக்கடன் ஆகும். சில வேளைகளில் நம் ஊரின் பழமை நூறாண்டு குறையலாம். குறைந்தால் குறையட்டும். எஞ்சி நிற்கும் பழமையை எவரும் அசைக்க முடியாது.